வீட்டில் விடமாட்டேங்கிறாங்க

ஓசூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாலும் அங்கேதான், இப்போதும் அங்கேதான். கடை ஒரு பாயுடையது. அவர் கிருஷ்ணகிரிக்காரர். குடும்பத்தில் மற்றவர்கள் எல்லாம் மாங்காய் வியாபாரம், இவர் மட்டும் பிரிண்டிங் மெஷின் வாங்கிப் போட்டுவிட்டு, "மாங்கா ஒரு சீசன்தாம்மா, கல்யாணம் வருஷம் பூரா" என்பார். ஆடியும் மார்கழியும் அவருக்கு ஞாபகம் இருக்காது. அந்த மாதங்களில் நகைக்கடைத் தள்ளுபடி வந்து எங்களைக் காப்பாற்றும். மற்றபடி எங்கள் கடையில் ஓடுகிற வேலையில் பாதி கல்யாண ஃப்ளெக்ஸ்தான்.

கல்யாண ஃப்ளெக்ஸ் என்றால் இரண்டு வீட்டாரும் வாசலில் வைக்கிற வரவேற்பு போர்டைச் சொல்லவில்லை. அதில் பேரும் முகூர்த்த நேரமும் போட்டால் தீர்ந்தது. நான் சொல்வது மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வைப்பது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஏழெட்டுப் பேர் பைக்கில் வந்து இறங்குவார்கள். எல்லாரும் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்டாக இருப்பார்கள். சட்டையில் ஆயில் வாசனை அடிக்கும். என் நாற்காலியைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு வாசகம் சொல்வார்கள். 'சுதந்திரமாகத் திரிந்த சிங்கம் இன்று கூண்டில்.' 'இன்று முதல் ஆயுள் தண்டனை.' 'நண்பனின் சிரிப்புக்குக் கண்ணீர் அஞ்சலி.' மாப்பிள்ளையின் போட்டோ அவர்கள் போனில் இருக்கும். பெண்ணின் போட்டோ இருக்காது. "நெட்லேர்ந்து எதுனா ஒரு பொண்ணு எடுத்துப் போடுக்கா, கையில கட்டை இருந்தா போதும்" என்பார்கள்.

அந்தக் கட்டைக்காகவே எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் உண்டு. கைவிலங்கு, ஜெயில் கம்பி, தூக்குக் கயிறு, கோடு போட்ட கைதிச் சட்டை எல்லாம் அதில் இருக்கும். பூரிக்கட்டை மட்டும் தினுசு தினுசாக வைத்திருக்கிறோம். எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் தினமும் பூரி சுடுகிறார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர்கள் கன்னடத்தில் கேட்பார்கள், பேரிகைப் பக்கத்து ஆட்கள் தெலுங்கில் கேட்பார்கள். எழுத்து மாறும், கட்டை மாறாது.

அதே கம்ப்யூட்டரில்தான் நகைக்கடை போர்டும் செய்வேன். அதில் புருஷன் பின்னால் நின்று பெண்டாட்டி கழுத்தில் சங்கிலி போட்டுவிடுவான், அவள் கண்ணை மூடிச் சிரிப்பாள். ஆக எங்கள் கடையில் பெண்டாட்டி என்றால் இரண்டே உருவம். ஒருத்தி வாங்கிக்கொள்கிறவள், இன்னொருத்தி அடிக்கிறவள். விடியற்காலையில் கழுத்தில் ஐடி கார்டோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் ஓசூர் முழுக்க நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை போர்டில் போடச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை. ஆண்களுக்கும் அதே கதிதான். ஒன்று சங்கிலி வாங்கித் தருகிறவன், இல்லையென்றால் கைதி. நடுவில் ஒரு மனுஷன் இருப்பான் என்று எந்த போர்டும் சொல்லாது. எனக்கு வாய்த்தவர் அந்த நடுவில் இருந்தவர்.

அவரை முதலில் பார்த்ததே அப்படி ஒரு கூட்டத்தில்தான். கூட்டாளிக்குக் கல்யாணம் என்று வந்தார்கள். ஆயுள் தண்டனை வேண்டும், அதுவும் சிவப்பு எழுத்தில் வேண்டும் என்று ஒருத்தன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். கதவோரம் நின்றவர் மட்டும், "அந்தப் பொண்ணு இத படிக்கும் இல்ல?" என்றார்.

"படிக்கட்டும்டா, அதுக்குத்தான வைக்கிறோம்" என்று மற்றவர்கள் அவரை அமுக்கிவிட்டார்கள்.

பிரிண்ட் வரும்வரை ஒரு ஆள் இருக்க வேண்டும். அவரை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். "இதெல்லாம் நீங்களே எழுதுவீங்களா?" என்று கேட்டார். "நான் எங்க எழுதறேன், நீங்க சொல்றீங்க, நான் அடிக்கிறேன்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். மறுவாரம் விசிட்டிங் கார்டு வேண்டும் என்று வந்து நின்றார். கம்பெனியில் மெஷின் செட்டிங் பார்க்கிற ஆளுக்கு விசிட்டிங் கார்டு எதற்கு என்று பாய் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததோடு விட்டுவிட்டார். கார்டு கேட்டு வந்தவர் குடும்பம் குந்தாரப்பள்ளிப் பக்கம், என் குடும்பம் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கம். இரண்டு பக்கமும் நிலம் வைத்துப் பாடுபடுகிற ஜனங்கள்தான். விசாரித்துப் பார்த்ததில் தூரத்துச் சொந்தமும் வந்துவிட்டது. கல்யாணப் பேச்சு சீக்கிரம் முடிந்தது.

கிருஷ்ணகிரியில் கல்யாணம். பெண் அழைப்புக்குக் கார் மண்டப வாசலில் நின்றதும் நான் பார்த்தது அந்த ஃப்ளெக்ஸைத்தான். கம்பிக்குப் பின்னால் கோடு போட்ட சட்டையில் அவர். கம்பிக்கு முன்னால் காக்கி உடுப்பில் நான், ஒரு கையில் லத்தி, இன்னொரு கையில் கட்டை. என் சொந்த முகம். கடையில் எப்போதோ பாய் எடுத்த போட்டோ. நான் லீவில் இருந்த நாளில் என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். லத்தியின் நிழல் தப்பான பக்கம் விழுந்திருக்கிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணப் பெண் இப்படியா சிரிப்பாள் என்று கையைப் பிடித்திருந்த சித்தி அதட்டினாள்.

என் அப்பா மட்டும் அதன் முன்னால் நின்று ஒரு எழுத்து விடாமல் படித்தார். "இதுல எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா?" என்று கேட்டார்.

"தமாஷுக்குப்பா" என்றேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தமாஷ்தான். இன்றைக்கும் அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சிரித்துச் சிரித்தே ஒரு வேஷத்தை என் மேல் மாட்டினார்கள், நானும் அளவு சரியாக இருக்கிறதே என்று போட்டுக்கொண்டேன்.

ஓசூரில் வீடு எடுத்தோம். அவருக்கு மாறி மாறி ஷிஃப்ட். நைட் முடிந்து காலையில் வந்தால் படுக்க மாட்டார், நேரே சமையல் கட்டுக்குத்தான் போவார். நான் கடைக்குக் கிளம்புவதற்குள் களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருப்பார். அவர் கிண்டுகிற களியில் ஒரு கட்டி விழாது. நான் கிண்டினால் கட்டிக்கு நடுவில் களியைத் தேட வேண்டும். என் டிபன் பாக்ஸை அவர்தான் கட்டுவார். பொரியலைத் தனியாக ஒரு மூடியில் வைத்து, சாதத்தில் ஈரம் ஏறாமல் பார்த்துக் கட்டுவார். கடையில் பாய், "இன்னாம்மா, அம்மா வந்திருக்காங்களா ஊர்லேர்ந்து?" என்று கேட்பார். ஆமாம் என்றே சொல்லி வைத்தேன். வீட்டில் அவர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

வாசலில் யாராவது கூப்பிட்டால் போதும், கையிலிருக்கும் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார். நான் கரண்டியோடு போய்க் கதவைத் திறப்பேன். வந்தவர், "சமையல் வாசனை தெருமுனை வரைக்கும் வருதுங்க" என்று என்னைப் புகழ்வார். அவர்கள் போனதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். டிவியில் ஒரு விளம்பரம் வரும். பெண்டாட்டி ஊருக்குப் போயிருப்பாள், புருஷன் உப்புமா கிளறப்போய் அடுப்பையே கரியாக்கி வைத்திருப்பான், கடைசியில் ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டித் தப்பிப்பான். அதைப் பார்த்து இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நன்றாகச் சமைக்கிற ஆள், சமைக்கத் தெரியாதவனைப் பார்த்து, 'நம்ம கூட்டம்டா' என்கிற மாதிரி சிரிப்பார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அவருடைய இன்னொரு பழக்கம் போனில் சாக்குச் சொல்வது. அவருக்குக் குடி பிடிக்காது, கூட்டமாக ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு பாட்டிலோடு உட்காருவது பிடிக்காது. பிடிக்காது என்று சொல்ல மாட்டார். "வீட்ல விடமாட்டேங்கிறாங்கடா" என்பார். அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்து, "பாவம்டா நீ" என்று விட்டுவிடுவார்கள். சீட்டு சேரச் சொன்னால் வீட்டில் விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு வீட்டில் விட மாட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பேன். "நான் எப்பங்க விடல?" என்று கேட்டால், "அத சொன்னாத்தான் அவனுங்க வாய மூடுவானுங்க" என்று கடலையை என் வாயில் போடுவார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அவர் வெளியே போகாமல் என்னோடு இருக்க ஆசைப்படுகிறார், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் போதாதா என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று கட்டி, பொரியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுப்பார்கள். முதல் வருஷம் நான் ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே அவர் கூட்டாளிகள் வரிசையாக எழுந்து நின்று சல்யூட் வைத்தார்கள். "வணக்கம் ஜெயிலர் மேடம்! கைதிக்கு இன்னிக்கு பரோலா?" நானும் சளைக்காமல், "ஆறு மணிக்குள்ள கொண்டாந்து ஒப்படைக்கணும்" என்றேன். ஷெட்டே அதிர்ந்தது. அவர் சந்தோஷத்தில் காது வரைக்கும் சிவந்து போனார். நான் பார்த்தே இராத ஆட்களுக்கெல்லாம் அந்த ஷெட்டில் என்னைத் தெரிந்திருந்தது, நான் ஒரு பொல்லாத பெண்டாட்டி என்று.

மகள் பிறந்து பால்வாடிக்குப் போகிற வயதில் அந்தப் பேச்சு வந்தது. கம்பெனி மகாராஷ்டிரத்தில் புது யூனிட் போடுகிறது, இங்கே நன்றாக வேலை தெரிந்தவர்களை அங்கே இன்சார்ஜ் ஆக்கி, குடும்பம் இல்லாமல் தனியாளாக, மூன்று வருஷத்துக்கு அனுப்புகிறார்கள். அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே அதை என்னிடம் சொன்னார். "கேட்டாங்க. முடியாதுன்ட்டேன்."

"ஏங்க?"

"அங்க போயி யாரு ரொட்டி துன்னுட்டு கெடக்கறது?"

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. சாயந்தரம் கறிக்கடைக்குப் போய் அவருக்குப் பிடித்த நாட்டுக்கோழி வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னிக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் போகாதது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோழிக்குழம்பு சொல்லிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரோடு வேலை பார்க்கிற ஒருவர் கிருஷ்ணகிரி ரோட்டில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். மத்தியானச் சாப்பாடு, பெண்களுக்குத் தனிப் பந்தி. என் பக்கத்து இலையில் இன்னொரு செட்டரின் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, நல்ல மனசுக்காரி, வாய்தான் கொஞ்சம் முன்னால் ஓடும். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நீங்க அண்ணன விட்டுருக்கலாம்லா? எவ்ளோ நல்ல சான்ஸு. மேனேஜரே கேட்டாராம், வீட்ல விடமாட்டேங்காங்கன்னு சொல்லிட்டாராமே. எங்க வீட்ல இவுக சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாவ" என்றாள்.

எனக்கு எதிர் வரிசையிலிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ ஒரு வயதான அம்மா, "ஆம்பளைங்க முன்னுக்கு வரும்போது நாம குறுக்க நிக்கக்கூடாதும்மா" என்றாள். எல்லாரும் அன்பாகத்தான் பார்த்தார்கள், அதுதான் தாங்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். சாம்பாரில் கையை வைத்துக்கொண்டு, 'நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகத்தான் மாட்டேன் என்றார்' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அவர் மானம் போகும். பெண்டாட்டியை விட்டுப் போக மனசில்லாத ஆம்பளை என்று ஷெட்டில் ஆகிவிடும். சொல்லாமல் ரசத்துக்குக் கை நீட்டினேன்.

பைக்கில் வீட்டுக்குத் திரும்பினோம். பிள்ளை நடுவில் தூங்கிவிட்டது. வீட்டுக்குள் அதைப் படுக்க வைத்துவிட்டு வந்து கேட்டேன். "நான் எப்பங்க விடமாட்டேன்னு சொன்னன்?"

முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் சிரித்தார். "அடடா, அதுவா. சும்மா சொல்றதுதான. வேற இன்னா சொல்லச் சொல்ற?"

"உள்ளத சொல்லுங்க."

"உள்ளது இன்னா?"

அதைத்தான் நான் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றேன். அவர் நின்று பார்த்தார். பைக் சாவியை ஆணியில் மாட்டினார். 'எனக்குப் போக மனசில்லை, உன்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது.' இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு ஆம்பளை அதைச் சொல்ல ஊரில் ஒரு வாசகம் கிடையாது. நான்தான் வருஷக்கணக்கில் வாசகம் டைப் அடிக்கிறேனே, எனக்குத் தெரியாதா? கடைசியில், "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க, இதப் போயி பெருசு பண்ற" என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "அப்ப போங்க. நாளைக்கே போயி சரின்னு சொல்லுங்க. இங்க யாரும் உங்கள கட்டி வைக்கல" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜமாத்தான்."

எனக்கும் வாசகம் இல்லை. போகாதீங்க என்று சொல்லியிருந்தால் அந்தப் பந்தியில் அவர்கள் பார்த்தவளாகவே ஆகியிருப்பேன். அதற்கு பயந்து, எனக்குத் துளியும் விருப்பமில்லாததை நல்ல சத்தமாகச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் போய்ச் சரி என்று சொல்லிவிட்டார். இடமும் காலியாகத்தான் இருந்தது. சில இடங்கள் நிரம்பித் தொலையக்கூடாதா?

கிளம்புவதற்குள் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் எத்தனையோ முறை சொல்லியிருக்கலாம். அவர் ஸ்வெட்டர் வாங்கி வந்தார், நான் ஊறுகாய் போட்டேன். ஊறுகாய்க்கு உப்பு போதுமா என்று பேசினோம், ரயிலில் எந்தப் பக்கம் சீட் என்று பேசினோம். ஒருவருக்கொருவர் உதவி செய்தே அவரை ஊரை விட்டு அனுப்பினோம். கூட்டாளிகளுக்கு மட்டும் கொண்டாட்டம். 'கைதி விடுதலை' என்று குரூப்பில் படம் போட்டு, எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்தப் படம் எங்கள் கடையில் செய்ததில்லை. போனில் அவர்களே செய்துவிட்டார்கள், இப்போது அதற்கெல்லாம் கடைக்கு வர வேண்டியதில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பிள்ளை இடுப்பில் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, "கதவ நல்லா சாத்திக்கோ" என்றார். சரி என்றேன். பஸ் நகர்ந்தது. இறங்கிவிடுவார் என்று பைத்தியக்காரத்தனமாக மூலை திரும்பும் வரைக்கும் நின்றேன்.

மூன்று வருஷம் என்றார்கள், அது முடிந்தது. இங்கே அவர் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று, அங்கே அவரை விட மனசில்லை என்கிறார்கள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறார். போனில் தினமும் பேசுகிறோம். சாப்டியா, பாப்பா சாப்டுச்சா, மழையா அங்க. ஒரு குறையும் சொல்ல முடியாத பேச்சு. அக்கம்பக்கத்தில், "உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளாயிட்டாரு" என்கிறார்கள். என்னைப் பற்றியும் நல்ல பேர்தான், புருஷன் முன்னேற்றத்துக்காகத் தனியாகக் கிடந்து பிள்ளை வளர்க்கிறாள் என்று. இதற்கும் ஒரு விளம்பரம் வருகிறது டிவியில். தூரத்து ஊரிலிருந்து புருஷன் வீடியோ காலில் வருவான், பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள், பின்னால் பாட்டு ஓடும். வந்தால் சேனலை மாற்றிவிடுவேன்.

வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி முன்னறையில் உட்காருகிறார். போன தீபாவளிக்கு வந்தபோது, களி கிண்டித் தருகிறேன் என்று எழுந்து போனார். உள்ளேயிருந்து, "உப்பு எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். உப்பு அதே இடத்தில்தான் இருந்தது, அவர் வைத்த அதே இடத்தில். நான் எழுந்து போய், "நீங்க உக்காருங்க, நான் பண்றேன்" என்றேன். கரண்டியைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். இந்த முறை வாசலில் யாரும் இல்லை. என் களி கட்டி கட்டியாகத்தான் வந்தது. நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். அந்தப் பொய்க்கு எனக்கு அழுகை வந்தது.

இந்தப் பொங்கலுக்கு வந்தவர் காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கிளம்பினார். கட்டில் மேல் பையை வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், அப்பா வந்தால் முதல் நாள் கூச்சப்படுவாள், கூச்சம் தெளியும்போது அவர் கிளம்பிவிடுவார். நான் வழிக்குக் கட்டிய புளிச்சாதப் பொட்டலத்தோடு வாசற்படி வரைக்கும் வந்தேன்.

"அப்பா, உனக்கு அந்த ஊரு புடிக்குமா?" என்று கேட்டாள்.

"புடிக்காது பாப்பா."

எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. இதை அவர் என்னிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

"அப்ப ஏன் போற?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அம்மா போகச் சொன்னாங்க" என்றார்.

தமாஷாகச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது. என் பேரில் எத்தனையோ சாக்குச் சொன்னவர்தான், ஒன்றுகூட விடாமல் 'நான் எப்போது சொன்னேன்' என்று மல்லுக்கு நின்றவள்தான் நான். இதற்கு மட்டும் என்னால் நிற்க முடியவில்லை. சொன்னது நான்தான், சத்தமாகத்தான் சொன்னேன்.

மகள் என்னைப் பார்த்துவிட்டாள். பொத்தானை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏம்மா?" என்று கேட்டாள்.